உலர்ந்த சட்டை

பத்மநாபபுரம் அரண்மனையில் ஓர் உருண்டைக் கல் இருக்கிறது. மூன்றடி உயரப் பீடத்தின் மேல் வைத்திருக்கிறார்கள். எடை 38 கிலோ. ராஜா காலத்தில் படையில் சேர வருகிற இளைஞன் அதைத் தலைக்கு மேலே 101 முறை தூக்கிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தக்கலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் அந்தக் கல்லைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. நானும் முதலில் மாணவியாகப் பார்த்தேன், பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கூட்டிப்போகும் டீச்சராக. பையன்கள் அந்த 101-ஐ நம்ப மாட்டார்கள். பெண்பிள்ளை ஒருத்தி மட்டும் வேறு கேள்வி கேட்டாள்: "அவ்வளவு தடவை தூக்கின பெறவு கல்லை எங்க கொண்டு போவாங்க டீச்சர்?" எங்கேயும் கொண்டுபோவதில்லை, திரும்பப் பீடத்திலேயே வைத்துவிடுவார்கள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உடற்பயிற்சி பற்றி எங்கள் ஊரின் அபிப்பிராயமும் ஏறக்குறைய அதுதான். ஒன்றை எடுத்து இன்னொரு இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அது வேலை. எடுத்த இடத்திலேயே வைத்தால் கிறுக்கு, இல்லாவிட்டால் ராஜாவுக்குப் பயந்து செய்வது. என் விஷயத்தில் ராஜாவின் இடத்தில் ஒரு டாக்டர் இருந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.4 என்று வந்திருந்தது. 6.5 ஆனால் நோயாளி. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, கேரளத்தில் 25.5. "மரச்சீனியும் மீனும் தின்னுகிற நீங்க எந்தக் கணக்குல வருவீங்க?" என்று கேட்டார் டாக்டர். எல்லைப்புறத்துக்காரர்களிடம் எல்லோரும் செய்கிற கேலிதான்.

நடக்கச் சொன்னார். ஒழுங்காக நடப்பவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களில் ஒருத்தியாக இருக்க மட்டும் முடிவதில்லை. மழை என்றால் நிற்பேன், மழை நின்றால் நாய் என்பேன், நாய் இல்லாத தெருவில் லாரி வரும். திருவனந்தபுரம் சாலையில் நடைபாதை எங்கே தொடங்குகிறது, எங்கே கடைச் சாமான் தொடங்குகிறது என்பது யாருக்கும் விளங்காது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று அழைத்தது. நல்ல திட்டம். அழைத்தவர்கள் வீட்டு வாசல்வரை வந்து கையைப் பிடித்திருந்தால் நானும் நடந்திருப்பேன். கையைப் பிடித்தது என்னோடு வேலை பார்க்கிற இன்னொரு டீச்சர். கூட்டிப்போனது கார்டியோ வகுப்புக்கு.

ஒரு கடைக்கட்டடத்தின் மாடி. மேலே தகரக் கூரை. ஆனி ஆடி மழையில் ஸ்பீக்கர் தோற்றுப்போகும். காலை ஐந்தரைக்குப் பெண்களுக்கான பேட்ச். வாசலில் செருப்புகள், ஸ்கூட்டர் சாவிகள், மடித்து வைத்த துப்பட்டாக்கள், ஒரு பர்தா, ஒரு ஜெபமாலை. உள்ளே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. முதல் பாட்டுக்கு நின்ற இடத்தில் நடை. அடுத்தது மலையாளக் குத்து, அதற்கடுத்தது தமிழ்க் குத்து, நடுவில் யாருக்கும் புரியாத ஸ்பானிய மொழியில் ஒன்று. வலப்பக்கம் நாலு எட்டு, இடப்பக்கம் நாலு எட்டு, முழங்கால் வயிற்றுவரை, கை தலைக்கு மேலே. தாளில் எழுதிக் கொடுத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். எல்லாரும் இடது பக்கம் போகும்போது நான் வலது பக்கம் போய்ப் பக்கத்திலிருந்த நர்ஸம்மாவின் தோளில் மோதினேன். அவர் ஆடிக்கொண்டே என் இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கண்ணாடியில் பின்வரிசையில் தடித்த ஒரு அம்மாள், ஊர் முழுவதும் ஒரு தாளத்தில் இருக்க, தான் மட்டும் அரைத்தாளம் பிந்தி, முகத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் களை மாறாமல் குதித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிக்கொடுப்பவள் குளச்சல் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். காதோரம் மைக். மூன்றாம் பாட்டில் நான் இடுப்பில் கைவைத்து நின்றதும் அவள் குரல் வந்தது. "நிக்கப்பிடாது டீச்சரே. முடியலேன்னா பைய சவுட்டுங்க, ஆனா நிக்கப்பிடாது." இது அதட்டல் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். பிறகு விளக்கினாள். வேகமாக ஓடிய கால் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலை சுற்றும்; அதனால் காலை அசைத்துக்கொண்டாவது இருக்க வேண்டும். சுவரில் ஓர் அட்டை உண்டு: 220-இலிருந்து வயதைக் கழித்தால் நாடித்துடிப்பின் உச்சம். எனக்கு 52 வயது, ஆக 168; அதில் 70 முதல் 85 சதவீதம், 118-க்கும் 143-க்கும் நடுவே துடிக்க வேண்டும். 1971-இல் சில ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைப் புரட்டிக் கண்ணளவில் போட்ட கோடு அது; ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் ஆகும். அந்தப் பெண் அட்டையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "பாட்டு கூடவே பாட முடியுதா? அப்ப காணாது. பேசவே முடியலையா? அப்ப கூடிப்போச்சு." பேச முடிகிற, பாட முடியாத ஓர் இடம். நாற்பத்தைந்து நிமிடம் அந்த இடத்திலேயே எங்களை நிறுத்திவைப்பதுதான் அவள் தொழில்.

இந்தக் குதிப்புக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் மாடிப் பேருந்துகளைப் பற்றி எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, தினமும் ஐந்நூறுக்கு மேல் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ என்று புத்தகம் போட்டார். அதில் இசையே இல்லை. ஓட்டம், நீச்சல், சைக்கிள், அவற்றுக்கு மதிப்பெண். அதைப் பாட்டோடு சேர்த்தவர்கள் அடுத்த வருடமே வந்த நடன ஆசிரியைகள். கொலம்பியாவின் காலி நகரத்தில் 1990-களில் பேட்டோ பெரஸ் என்பவர் வகுப்புக்கான கேசட்டை மறந்து வந்துவிட்டு, பையில் கிடந்த சால்சா பாட்டுகளைப் போட்டு ஒப்பேற்றியதிலிருந்து ஜும்பா பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் தலபுராணம். 2001-இல் அமெரிக்காவில் அது கம்பெனியானது. தக்கலை மாடிக்கு வரும்போது கம்பெனியும் காப்புரிமையும் வழியிலெங்கோ உதிர்ந்துபோய் பீட் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எல்லாப் புராணங்களும் எங்கள் ஊருக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன.

என் தயக்கத்தைச் சோம்பல் என்று மற்றவர்கள் சொன்னபோது நான் மறுக்கவில்லை, ஆனால் அது சரியான பெயர் என்று எனக்குப் படவுமில்லை. என் தாத்தா பனையேறி. முருக்குத்தடியும் தளைநாரும் அருவாப்பெட்டியுமாக, பதநீர் காலத்தில் அதே மரங்களில் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கியவர். நெஞ்சில் மரம் உரசிக் காய்ப்பு ஏறியிருக்கும். பேரப்பிள்ளைகள் நாங்கள் விரல் வைத்துத் தடவிப் பார்ப்போம். அவருக்கு முந்திய தலைமுறைகள் திருவிதாங்கூர் அரசுக்குக் கூலியில்லாமல் ஊழியமும் செய்தவை. அப்பா படித்துக் கிளார்க் ஆனார். தினமும் மத்தியானம் பனியன் மாற்றுவார். சட்டையின் முதுகில் ஈரப்பட்டை தெரியக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறியே உண்டு. அலுவலகத்துக்கு வேர்த்து வழிய வருகிறவனைப் பார்த்தால் "இவனென்ன பனைலேருந்து இறங்கி வாறானா?" என்பார், தன் அப்பன் பனையிலிருந்து இறங்கி வந்தவர் என்பதை அறவே மறந்ததுபோல. மறக்கவில்லை, அதனால்தான் சொன்னார். எங்கள் வீட்டின் மொத்த முன்னேற்றமும் அந்த உலர்ந்த சட்டைதான். அதை விலை கொடுத்து நனைத்துக்கொள்ளச் சொன்னால் உடம்பு ஒப்பினாலும் வம்சம் ஒப்பவில்லை.

பெண்ணுக்கு இதில் இன்னொரு சுற்று உண்டு. 1822-இல் தோள்சீலைக் கலகம் தொடங்கியபோது முதலில் அடிவாங்கிய இடங்களில் கல்குளமும் இரணியலும் உண்டு. 1859 ஜூலை 26 அரசாணைதான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. அதுவும் உயர்ந்த சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு. மேலே ஒரு துணி போடுவதற்காகத் தெருவில் அடிபட்டவர்களின் பேத்திகள் நாங்கள். போட்ட துணி விலகாமல் நடப்பதே நல்ல பெண்ணுக்கு அடையாளம் என்று வளர்த்தார்கள். அந்த மாடி வாசலில் துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு உள்ளே போன முதல் நாளில் என் கை இரண்டு பாட்டு முடியும்வரை நெஞ்சின் மேலேயே இருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்கிற பயிற்சிகளில் அரைவாசியை நான் செய்யாமல் விட்டதற்குக் காரணம் தோள்வலி என்று சொல்லி வைத்தேன். பக்கத்தில் ஆடிய நர்ஸம்மாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும், தெரிந்துகொண்டு ஆடினார்.

ஆனால் இந்த மண்ணுக்குக் காரணமில்லாமல் ஓடத் தெரியாது என்று சொன்னால் சிவராத்திரியை மறைத்ததாகும். சாலயம் ஓட்டம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய்த் திருநட்டாலத்தில் முடியும் 12 சிவன் கோயில்கள். ஓர் இரவும் அடுத்த பகலும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் திருநீற்றுப் பை. போவது சிவன் கோயிலுக்கு, கூப்பிடுவது "கோபாலா... கோவிந்தா". புருஷாமிருகத்திடம் அகப்படாமல் பீமன் ஓடிய ஓட்டம் இது என்பது கதை. பத்மநாபபுரத்துக் கல்குளம் கோயில் ஏழாவது. அங்கே வரும்போது பாதித் தூரத்துக்கு மேல் கழிந்திருக்கும். கால் கொப்பளித்து, குரல் கட்டி வருகிறவர்களை அங்கே நின்று பார்த்திருக்கிறேன். தனியாக வருகிற ஆளின் கால் இழுத்து இழுத்து வரும். பின்னாலிருந்து ஒரு கூட்டம் "கோபாலா" என்று வந்து அவரைத் தொட்டதும் "கோவிந்தா" என்று இவரும் சொல்லிவிட்டு, அதே காலோடு, அவர்கள் வேகத்தில் போய்விடுவார். சற்றுமுன் இல்லாத பலம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டால் மகாதேவன் தந்தது என்பார்.

இதை ஆக்ஸ்போர்டில் வேறுவிதமாக அளந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேரைத் துடுப்பு இயந்திரத்தில் தனியாகவும் சேர்ந்தும் ஓட்டவைத்து, முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பு ஒரே அளவு. சேர்ந்து துடுப்புப் போட்ட நாளில் வலி தாங்கும் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. 2010-இல் வெளியான ஆய்வு. உடம்பே சுரக்கும் எண்டார்பின் கூடுவதால் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். சிறிய ஆய்வுதான், பன்னிரண்டு பேர்தான். ஆனால் தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டு விழா இரவு முழுக்க ஞானப்புகழ்ச்சி பாடுகிறவர்களிடம் கேட்டாலும் விடியற்காலையில் தொண்டை வலிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். மாடியில் நான் கண்டதும் அதுவே. வீட்டு வராந்தாவில் தனியே குதித்துப் பார்த்தால் மூன்றாம் நிமிடத்தில் மூட்டு பேசத் தொடங்கும். அங்கே முப்பது பேர் பாதங்கள் ஒரே நேரத்தில் தரையில் விழும்போது பலகைகள் அதிர்ந்து, அந்த அதிர்வு என் காலைத் தூக்கிவிடும். பின்வரிசைக்காரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். முன்வரிசைக்காரிகள் எல்லாம் தங்கள் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கூட்டமாகக் குதிப்பதில் அதிகாரத்துக்கு எப்போதும் ஒரு கண். 2025 ஜூனில் கேரள அரசு போதைக்கு எதிராகப் பள்ளிகளில் ஜும்பா கொண்டுவந்தபோது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதா, அந்த உடுப்பா என்று சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. பிள்ளைகள் பள்ளிச் சீருடையில்தானே ஆடுகிறார்கள் என்றது அரசு. மலப்புரத்தில் தோன்றிய ‘மெக் 7’ என்ற இலவசக் காலைப் பயிற்சிக் கூட்டங்களின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அதற்கு முந்திய டிசம்பரில் அங்கே கட்சிக்காரர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். எங்கள் மாடியில் பர்தா, ஜெபமாலை, சந்தனப்பொட்டு மூன்றும் ஒரே ஆணியில் தொங்காத குறை. கட்சிக்காரர் எவரும் இன்னும் படியேறவில்லை. பெண்கள் விடியற்காலையில் ஓர் அறைக்குள் செய்வது எதுவும் அரசியலில்லை என்ற நினைப்பு எங்களைக் காப்பாற்றுகிறது.

2024-இல் வந்த லான்செட் கட்டுரை ஒன்று இந்தியாவில் பெண்களில் 57 சதவீதம் பேர் போதுமான அளவு இயங்குவதில்லை என்றது. ஆண்களில் 42. ஆசிரியர் அறையில் இதை வாசித்தபோது ஒரே கூச்சல்: "விடியாம எந்திச்சு வேலை செய்யுத நாங்க இயங்கலியா?" மூச்சும் நாடியும் கொஞ்சமாவது ஏறுகிற வேலைதான் அந்தக் கணக்கில் வரும். நின்றுகொண்டே செய்யும் சமையல் காலைத்தான் கடுக்கவைக்கும், நெஞ்சை எட்டாது. என் பக்கத்து வீட்டு அக்கா அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்தே காலத்தைக் கழித்தவள். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, ஓட்டுப் பாலில் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்தவள். இப்போது மாடிப்படி இறங்க இரண்டு கையாலும் சுவரைப் பிடிப்பாள். அவள் உழைக்காதவளா? லான்செட் அவளை எந்தச் சதவீதத்தில் சேர்த்ததோ. நான் ஷூ போட்டுக்கொண்டு இறங்குவதைப் பார்த்து ஒருநாள் விசாரித்தாள்: "குதிக்கதுக்கு நீங்க பைசா குடுக்கணுமா, அவிய தருவாவளா டீச்சரே?" நான்தான் கொடுக்கிறேன் என்றதும் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, பரிதாபப்பட்டாளோ என்னவோ, வாசலில் கிடந்த என் பால் கவரை எடுத்துக் கையில் தந்தாள்.

அவள் கேள்விக்கு இன்னொரு பதில் அந்த அறைக்குள்ளேயே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் குதிப்பது வேலைக்கு முந்தி. ஒருத்திக்கு மட்டும் அதுதான் வேலை. குளச்சல் பெண் காலையில் இங்கே இரண்டு பேட்ச், சாயங்காலம் மார்த்தாண்டத்தில் ஒன்று எடுக்கிறாள். எங்களுக்கு முடியாவிட்டால் பைய சவுட்டலாம்; அவள் சவுட்ட முடியாது, கண்ணாடியில் எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் காலெடுக்கிறோம். பேசிக்கொண்டே ஆட வேண்டும், சிரித்துக்கொண்டே எண்ண வேண்டும். போன மழைக்காலத்தில் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டது. கடினமான தரையில் ஓயாமல் குதிப்பவர்களுக்கு வருகிற வலி. ஓய்வுதான் முதல் மருந்து. அவளும் கொஞ்ச நாள் வரவில்லை.

மாடிக்காரர்கள் சுவரில் டிவியை மாட்டி வீடியோ போட்டார்கள். எங்கோ ஒரு கடற்கரையில் நூறு பேர் ஆடினார்கள், எங்கள் பெண்ணைவிட நன்றாகவே ஆடினார்கள். பீட் அதே, அடி அதே. நான் தப்புப் பக்கம் திரும்பினால் டிவிக்குத் தெரியவில்லை, நின்றாலும் தெரியவில்லை. இரண்டாம் பாட்டில் முன்வரிசை கலைந்தது. மூன்றாம் பாட்டில் ஜவுளிக்கடை அம்மா செருப்புத் தேடினார். கடைசியில் நானும் நர்ஸம்மாவும் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தோம், டிவி ஆடிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்த அன்று கூட்டம் பழையபடி நிறைந்தது. வகுப்பு முடிந்து அவள் காலில் ஐஸ் பை வைத்து உட்கார்ந்திருந்தபோது, வராத நாளுக்குச் சம்பளம் உண்டா மக்களே என்று கேட்டேன். தலைக்கு இவ்வளவு, வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு, ஆடாத நாளுக்கு இல்லை என்றாள். அப்படியானால் நாங்கள் மாசத்துக்குக் கட்டிய பணம் அந்த நாட்களில் யாருக்குப் போனது என்று நர்ஸம்மா ஆரம்பித்தார். ஜவுளிக்கடை அம்மா பில்லை எடுத்துவரச் சொன்னார். அடுத்த பேட்ச் படியேறிக்கொண்டிருந்தது. அவள் ஐஸ் பையை ஓரமாக வைத்துவிட்டு மைக்கை மாட்டினாள். நாங்கள் மூன்று பேரும் கீழே இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினோம்.